இரண்டாவது புள்ளடி

பவ்ஸான் பங்கு விற்கும் படிவத்தில் கையெழுத்து வைக்க இரண்டு இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டு, எடித்தின் முன்னால் நகர்த்தினான்.

மன்னார் பட்டினத்திலிருந்து பேசாலை வரை சைக்கிள் மிதித்து வந்தவன். பெற்றோலைக் கண்ணால் கண்டே மூன்று கிழமை. சேட்டு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

முசலிக்காரன். புத்தளத்தில் வளர்ந்து, போன வருடம்தான் ஊர் திரும்பிப் பங்குத் தரகர் கந்தோரில் சேர்ந்தான். அங்கே அவன் கண்ட அதிசயம் என்றால் இந்தக் கருவாட்டுக்கார மனுசி எடித்துதான். யுத்தம் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் மகனோடு சேர்ந்து திறந்த கணக்கு. வாங்கினது வாங்கினபடி கிடக்கிறது. பதினேழு வருடத்தில் ஒரு பங்கு விற்கவில்லை.

இப்போது நாடே கவிழ்ந்து கிடக்கிறது. கொழும்பில் பெரிய பெரிய ஆட்களே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். மனுசி அசைந்தால்தானே! எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதில்.

"மழைக்கு விலை விழுந்தா கருவாட்டைக் கடலிலையோ தம்பி கொட்டுறது? கொஞ்சம் பொறுப்பம்."

அவளைக் காட்டித்தான் மற்ற வாடிக்கையாளருக்கு அவன் தைரியம் சொல்லிவந்தான். இந்த மாதம் அவனுக்கே தைரியம் விட்டுப்போயிற்று. அதோடு எடித்தின் மகள் றோஸ்மேரி காலையில் தொலைபேசியில் அழுதுவிட்டாள். மண்ணெண்ணெய் இல்லாமல் புருசனின் படகு கரையில் கிடக்கிறது. பிள்ளைக்குப் பால்மா இல்லை. இருக்கிறதும் கரைந்துபோக முதல் அம்மாவை எப்படியாவது விற்கச் சொல்லுங்கோ என்றாள்.

"அன்ரி, இனி ஏறுமெண்டு நம்பாதேங்கோ. கிடைக்கிறதோட தப்பிற வழியைப் பாப்பம்."

எடித் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பேரப்பிள்ளை வெறும் தேத்தண்ணீரில் பாணைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

உப்புப் பிடித்த கையைச் சட்டையில் துடைத்தாள். பேனையை வாங்கி, முதல் புள்ளடியில் கையெழுத்துப் போட்டாள்.

அட, வென்றுவிட்டான்! பவ்ஸானுக்குச் சைக்கிள் மிதித்த களைப்பெல்லாம் பறந்தது.

"மற்றது மகன்ர, அன்ரி. ரெண்டு பேரும் வைக்கோணும். ஆள் கனடாவிலதானே? இண்டைக்கே கதைச்சுப் பாருங்கோவன்."

மகன் எங்கே என்று அவன் ஒருநாள் கேட்டபோது, வருவான் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற ஊர். அவன் வேறு எதை நினைப்பான்?

எடித் எழுந்து அலுமாரியைத் திறந்தாள். பொலித்தீன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அரசாங்கக் கச்சேரியில் கொடுத்த படிவம். மடித்து மடித்துக் கிழிந்த இடங்களில் ரேப் ஒட்டியிருந்தது. மரணப் பதிவுக்கான விண்ணப்பம்.

பெயர், நிறோஜன். கடைசியாகக் கண்ட இடம், வட்டுவாகல். ஆண்டு, 2009, யுத்தம் முடிந்த வருடம். எல்லாம் அவளே எழுதியிருந்தாள். ஒரு கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"இதைக் குடுத்தா அவன்ர கையெழுத்துத் தேவையில்லையாம்," என்றாள். "செத்த திகதி கேட்டிருக்கு. நான் என்னெண்டு தம்பி போடுறது?"

உள்ளே பிள்ளை இன்னொரு துண்டு பாண் கேட்டது.

பவ்ஸான் தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு பையில் தடவி அழிறப்பரை எடுத்து, இரண்டாவது புள்ளடியை அழித்தான்.

"இப்ப விக்க வேண்டாம் அன்ரி," என்றான். "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."