திருட்டே இல்லாத ஊர்

"பூட்டை உடைக்கலேன்னா திருட்டு இல்லைன்னு ஆயிடுமா?"

வெண்டல் ஆஸ்ட்ராண்டர் மேஜையை விரலால் தட்டினார். மேஜைக்கு அந்தப் பக்கம் கஸ் லிண்ட்கிரன், ஊரின் ஒரே போலீஸ்காரர், காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆகாதுதான் சார். பின்கதவு திறந்திருந்துதா?"

"நான்தான் திறந்து வெச்சிருந்தேன். திருட்டே இல்லாத ஊர்னு நம்பி வந்தவன் எதுக்குப் பூட்டணும்?"

நம்பி வந்தவர்தான். கிளீவ்லண்டில் அவர் வீட்டுக்குள் இரண்டு முறை திருடன் புகுந்தான். ஓய்வு பெற்ற கையோடு, அமெரிக்காவின் நூற்றுப் பதினான்கு ஊர்களை எடுத்துக்கொண்டு, லட்சம் பேருக்கு எத்தனை திருட்டு என்று வரிசைப்படுத்தினார். மெம்ஃபிஸ், டல்சா, டுலூத் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் மின்னசோட்டாவின் இந்த ஆல்டர் ஃபோர்க்கில் விரலை வைத்தார். பதினோரு வருடமாகப் பூஜ்யம்.

மகளையும் பேரனையும் விட்டு வரமாட்டேன் என்று அழுத மனைவி பெர்னீஸை அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் கூட்டி வந்தார்.

வந்த ஐந்தாம் மாதம், சமையலறையிலிருந்த அவளுடைய ரேடியோவைக் காணோம்.

கஸ் புகார் படிவத்தை எடுத்து நீட்டினார். "நிரப்பி வெச்சுக்குங்க. கையெழுத்தை மட்டும் சனிக்கிழமை போடலாமே? காலையில பத்து மணிக்கு மேப்பிள் தெருவுல டோர்விக் வீட்டுக்கு வாங்க. அதுக்கப்புறமும் போடணும்னு தோணினா, நானே பேனா தர்றேன்."

"ஓஹோ! இப்படித்தான் உங்க பூஜ்யம் வருதா? புகாரை வாங்காம தட்டிக் கழிச்சா எந்த ஊரும் சொர்க்கம்தான்!"

"வாங்க மாட்டேன்னு நான் சொல்லலியே" என்றார் கஸ். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

வீட்டில் பெர்னீஸ் அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கும் இறைச்சியும் வெந்த பாத்திரத்தை எடுத்து வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?"

"இங்க இருக்கறதே ரெண்டாயிரம் பேர். ஒரு திருட்டு பதிவானா லட்சத்துக்கு அம்பதுன்னு ஆயிடும். முதல் இடம் போச்சு."

"போடலேன்னா?"

"பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கும்."

"ரெண்டு விதத்துலயும் என் ரேடியோ இல்ல." அவள் எதிரில் உட்கார்ந்தாள். "இந்தக் கணக்கை நம்பித்தானே என்னைக் கொண்டுவந்து பனியில உக்கார வெச்சிருக்க? பேரன் பொறந்தநாளுக்கு ஃபோன்ல பாட்டுப் பாடினேன், வெண்டல். ஃபோன்ல."

வெண்டல் உருளைக்கிழங்கைக் கரண்டியால் மசித்தார். அந்தப் பூஜ்யம் பொய்யென்றால், அவளை எங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறோம்?

சனிக்கிழமை, படிவத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

டோர்விக் வீட்டு முன் புல்வெளியில் நீளமான மேஜை போட்டிருந்தார்கள். அதன்மேல் மீன்பிடி தூண்டில், முடி உலர்த்தும் கருவி, மூன்று கைப்பேசி, ஒரு தொப்பி, நடுவில் பெர்னீஸின் ரேடியோ. மேஜைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

வெண்டலுக்கு ரத்தம் கொதித்தது. திருட்டுச் சாமானைப் பட்டப்பகலில் கடை விரித்திருக்கிறார்கள். போலீஸ்காரனும் வரிசையில் நிற்கிறான்!

"என்னய்யா இது?" என்று கஸ்ஸின் தோளைப் பிடித்தார்.

"மெதுவா, சார். பேசினா வரிசையோட கடைசிக்கு அனுப்பிடுவாங்க."

மேஜைக்குப் பின்னால் ஒரு மெலிந்த கிழவி, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை, யார் முகத்தையும் பார்க்கக் கூசியபடி நின்றிருந்தார்.

"மிஸ் டோர்விக்" என்று கஸ் கிசுகிசுத்தார். "நாப்பது வருஷம் இந்த ஊருக்கே மூணாம் வகுப்பு டீச்சர். இப்ப ஞாபகமெல்லாம் போயிடுச்சு. வகுப்புல பசங்க கையில இருக்கறதைப் பிடுங்கி வெச்சுக்கற பழக்கம் மட்டும் போகல. கதவு திறந்திருந்தா நுழைஞ்சிடறாங்க. மன்னிப்புக் கேட்டாத்தான் திரும்பக் கிடைக்கும். புகார்னு ஒண்ணு எழுத்துல போச்சுன்னா, கொண்டுபோய் எங்கேயாவது அடைச்சிடுவாங்க."

முன்னால் நின்ற வழுக்கைத் தலை வங்கி மேலாளர் கையைக் கட்டிக்கொண்டார். "மீன் பிடிக்கப் போறதுக்காக மட்டம் போட்டேன், மிஸ். இனிமே போட மாட்டேன்." தூண்டில் கைக்கு வந்தது.

அடுத்து கஸ் மேஜை முன்னால் நகர்ந்து நின்றார். "வகுப்புல தொப்பி போட்டிருந்தேன், மிஸ்."

"போன வாரமும் இதைத்தானே சொன்ன, கஸ்டாவ்?"

"ஆமா, மிஸ்."

வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

மிஸ் டோர்விக் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வெண்டலைப் பார்த்தார். "புதுப் பையனா? என்ன பண்ணின?"

அறுபத்தெட்டு வயது வெண்டல் கையைக் கட்டிக்கொண்டார். வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தங்கையின் விரல்கள் மேஜை விளிம்பை இறுகப் பற்றியிருந்தன.

"பாடம் நடக்கறப்ப ரேடியோ கேட்டேன், மிஸ்."

ரேடியோ பாதி தூரம் நகர்ந்து நின்றது.

"பையில என்ன காகிதம்? வகுப்புல சீட்டு அனுப்பறியா? குடு இங்க."

வெண்டல் கஸ்ஸைப் பார்த்தார். கஸ் திரும்பக் கிடைத்த தொப்பியை உள்ளேயும் வெளியேயும் திருப்பித் திருப்பி ஆராய்ந்துகொண்டிருந்தார். வெண்டல் படிவத்தை எடுத்து நீட்டினார். மிஸ் டோர்விக் அதைப் பிரிக்காமலே தன் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"யாருக்கு எழுதினது?"

"யாருக்கும் இல்ல, மிஸ்."