பச்சை மூடி, மஞ்சள் மூடி

"பச்சை மூடி வேண்டாம் சிஸ்டர். மஞ்சளைப் போடுங்க, புண்ணியமாப் போகும்."

மூன்றாம் படுக்கைக்காரர் நர்ஸின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கருவி உள்ளே போனதும் கண்பாப்பா சுருங்கப் பார்க்கும். சுருங்கினால் டாக்டர் பாடு திண்டாட்டம். அதை விரித்தபடியே வைத்திருக்க எந்தச் சொட்டு மருந்து கெட்டி என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆறு மாதமாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மூடி ஒரு கம்பெனி, மஞ்சள் மூடி அதன் போட்டிக் கம்பெனி.

யாருக்கு எது என்பதை உறைக்குள் இருக்கும் சீட்டுதான் சொல்லும். மருந்து போடும் நர்ஸ் மட்டும் அதைப் பார்க்கலாம். ஆய்வு முடியும்வரை டாக்டரிடம்கூட மூச்சுவிடக் கூடாது.

இதற்கெல்லாம் முந்தின நாள் ஜம்மென்று கையெழுத்துப் போட்டவர்தான் இவர். இப்போது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறினால் ஆபரேஷனே ரத்து.

பச்சை மூடியால் வீட்டில் யாருக்காவது கண் போயிருக்குமோ என்று நர்ஸுக்குப் பாவமாக இருந்தது.

உறையைக் கிழித்துப் பார்த்தாள். குப்பியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மஞ்சள்தானே?"

"ம்."

போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. ஆபரேஷன் முழுக்கக் குறட்டை விடாத குறை. கண்பாப்பாவும் கடைசிவரை அசைந்து கொடுக்கவில்லை. அளந்து பார்த்த டாக்டர் விசில் அடித்தார்.

பத்து நாள் கழித்து, டாக்டர் அறைக்கு ஃபைல் கொண்டுபோனாள் நர்ஸ்.

கழுத்தில் டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மேசைமேல் பச்சை மூடிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார் மூன்றாம் படுக்கைக்காரர். அந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாம். பதினெட்டு வருட சர்வீஸ். ஆபரேஷன் தியேட்டரே கதி என்று கிடக்கும் அவளுக்குத்தான் அது தெரியாது.

"மத்தவங்க சொல்றதை விடுங்க டாக்டர். என் கண்ணுக்கே நான் இதைத்தான் போட்டுக்கிட்டேன்."

"யோவ், ஆய்வு முடியறவரைக்கும் என்கிட்ட சொல்லாதய்யா" என்று டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் பிரதிநிதி நர்ஸைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. மானத்தைக் காப்பாற்று தாயே என்பதுபோல் மெல்லக் கும்பிட்டார்.

அவள் ஃபைலை வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றைக்குச் சீட்டில் இருந்தது பச்சை.