சாதர்குல் வீட்டுக் கூரை

சைகால் கூரை மேல் நின்றபடி புகைக்குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் வைக்கோல் கலந்த ஈரக் களிமண் ஒரு பிடி இருந்தது. அதை உள்ளே திணித்துவிட்டால் போதும். கீழே கதவைச் சாத்திக்கொண்டு கணப்பு மூட்டித் தூங்கும் கிழவர் எழுந்திருக்கவே மாட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வரட்டி அடுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அனார்கான் இதைப் பார்த்துவிட்டாள். கையில் எடுத்த வரட்டி கையிலேயே நின்றது.

"சைகால், என்னடி பண்ற?"

"வெடிப்பை அடைக்கிறேன் அக்கா." சைகால் குனிந்து, குழாயைச் சுற்றி விழுந்திருந்த வெடிப்பில் மண்ணை வைத்து அழுத்தினாள்.

"இந்த ஆளுக்கா இவ்வளவு பாடு? நானா இருந்தா அந்த மண்ணை அவர் வாயில அப்பியிருப்பேன்."

"ஆளுக்குச் செய்யல. வீட்டுக்குச் செய்யறேன். பனி விழறதுக்குள்ள பூசலன்னா கூரை உட்கார்ந்துடும்."

அனார்கான் ஒன்றும் மறக்கவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மேய்ச்சல் மலையில் பனிச்சரிவில் சிக்கிச் செத்தான் சைகாலின் புருஷன். நாற்பதாம் நாள் சடங்குகூட முடியவில்லை. "தம்பியே போயிட்டான், இனி உனக்கு இங்க என்ன இருக்கு?" என்று சொல்லி, அவளையும் இரண்டு பிள்ளைகளையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியவர்தான் அவன் அண்ணன் சாதர்குல். ஊருக்குள் அன்றைக்குத்தான் முதல் பனி. கணவாயைத் தாண்டித் தாய் வீட்டுக்கு நடந்தே போனாள் சைகால். போய்ச் சேர்ந்தபோது நான்கு வயது மகள் ஜிபாரின் இடது கால் பனியில் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். சாதர்குல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சைகால் நகரத்தில் சாப்பாட்டுக் கடை போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினாள். மகன் எர்மெக் இப்போது லாரி ஓட்டுகிறான். இங்கே சாதர்குல் தனிமரமாகிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்தாள். வீடு முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மகன் கனாத்தின் பேருக்கு எழுதி வைத்தார். அவன் வேலைக்கென்று வெளிநாடு போனவன், இப்போது போனைக்கூட எடுப்பதில்லை. முழங்கால் வலியோடு இரண்டு வருடமாகக் கூரையில் ஏற முடியாமல் ஒழுகும் வீட்டில் கிடந்தார்.

இன்று காலைதான் லாரி வந்து நின்றது. "கூரை பூச வந்திருக்கோம் அத்தான்" என்றாள் சைகால்.

உள்ளே ஜிபார், ஜன்னல் இடுக்குகளில் காகிதப் பட்டை ஒட்டுவதற்காகப் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பெஞ்சின் மேல் ஏறினாள். சாதர்குல் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"வலிக்குமா கண்ணு?"

"குளிர் வந்தா வலிக்கும் பெரியப்பா."

வேலியோரம் எர்மெக் லாரியிலிருந்து நிலக்கரி மூட்டைகளை இறக்கிக் கொட்டகையில் அடுக்கிக்கொண்டிருந்தான். பதினெட்டாவது மூட்டை இறங்கியபோது கிழவர் வாசலுக்கு வந்தார்.

"டேய், ஒரு ஆளுக்கு எதுக்குடா இவ்வளவு? நான் என்ன ஊருக்கா கணப்பு மூட்டப் போறேன்?"

"வசந்தம் வரைக்கும் தாங்கணுமே பெரியப்பா" என்றான் எர்மெக், நிமிராமல்.

மதியத்துக்குள் கூரை பூசியாயிற்று. புகைக்குழாயில் கயிறு கட்டிய கல்லை விட்டு இழுத்து, இரண்டு வருடக் கரியையும் கொட்டினார்கள். கணப்பு காற்றை இழுத்து மளமளவென்று எரிந்தது. வீடு இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சூடாயிற்று.

சாதர்குல் தன் கையாலேயே பால் விட்ட தேநீர் ஊற்றினார். ஒளித்து வைத்திருந்த வெண்ணெயையும் ரொட்டியையும் எடுத்து வைத்தார்.

"அன்னிக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு சைகால். பனி விழும்போதெல்லாம் நினைச்சுக்குவேன். மன்னிச்சிடும்மா."

சைகால் தேநீரைக் குடித்து முடித்தாள். "பசை மிச்சம் இருக்கு. ஜிபார், அந்த வடக்கு ஜன்னலையும் ஒட்டிடு" என்றாள்.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையே மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று கணவாய்ப் பக்கம் பார்த்தார். மேகம் சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நேரத்தோட கிளம்புங்க பிள்ளைங்களா, கணவாய் மூடிடும். வசந்தத்துல எல்லாரும் வாங்க, ஆடு அறுக்கறேன். சாகற வரைக்கும் இந்த நாளை மறக்க மாட்டேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. எர்மெக் மட்டும் வெளியே போய் லாரியின் எஞ்சினை ஓடவிட்டான். திரும்பி வந்தவன் கிழவரின் கோட்டையும் தொப்பியையும் ஆணியிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தான்.

"எனக்கு எதுக்குடா கோட்டு?"

சைகால் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வீட்டை நான் வாங்கி ஒரு மாசம் ஆச்சு அத்தான். உங்க மகன் சொல்லலையா?"