பூட்டு போட்ட டப்பா

“அந்த டப்பால என்ன இருக்குன்னு சொல்லுங்க மொதலாளி. சொல்ற வரைக்கும் நகர மாட்டேன்.”

கைக்குழந்தையோடு வந்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள், பேக்கரியில் அடுப்பு பார்ப்பவனின் மனைவி.

பிசைந்துகொண்டிருந்தவர்களின் கைகள் மாவுக்குள்ளேயே நின்றுவிட்டன. இந்தக் கடையில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது.

தினமும் மாவு தயாரானதும் முதலாளி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டு டப்பாவைத் திறந்து, எதையோ தன் கையாலேயே கலப்பாராம். அதனால்தான் இந்தப் பன்னுக்கு இப்படி ஒரு ருசி என்று ஊரே பேசிக்கொண்டது. சொந்த மருமகன் கேட்டதற்கே, “பொண்ணக் குடுத்தது போதாதா?” என்றவர் அவர்.

அவளுக்கு ருசியைப் பற்றிக் கவலையில்லை. குழந்தையின் மலத்தில் ரத்தக் கோடு.

தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் அறியாத பிள்ளை. ஆனால் தாய் சாப்பிடும் மாட்டுப்பால் அவள் பாலோடு போய், அந்தச் சின்னக் குடலைப் புண்ணாக்குகிறது என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா.

அன்றோடு பால், தயிர், வெண்ணெய், நெய் எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டாள் பாவம். சாயங்காலம் கணவன் துண்டில் சுற்றிக் கொண்டுவரும் சூடான பன் ஒன்றுதான் மிச்சமிருந்த சந்தோஷம்.

இன்று காலையிலும் துணியில் ஒரு சிவப்புக் கீற்று.

“அண்ணி, மனசத் தொட்டுச் சொல்லுங்க. தயிர்ச் சட்டிய நக்குனீங்களா இல்லையா?” என்றாள் நாத்தனார்.

பன்னில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் என்று விரல் மடக்கிவந்த கணவன், அதற்கு மேல் மடக்கத் தெரியாமல் நின்றான். “மிச்சம் எங்க மொதலாளிக்குத்தான் வெளிச்சம்.”

பன்னில் பால் இல்லையென்றால் பயமில்லை. புண் ஆறிக்கொண்டிருக்கிறது, பொறுத்திருக்கலாம். இருந்தால், இத்தனை நாள் வாயைக் கட்டியதெல்லாம் வீண். பத்தியத்தை முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதுவரை பிள்ளைக்கு ரத்தமும் நிற்காது.

“மூணு தலைமுறை ரகசியம்மா. வெளிய போச்சுன்னா கடை படுத்துடும்” என்றார் முதலாளி.

“உங்க கடை பெருசா, என் புள்ள வயிறு பெருசா?”

முதலாளி எட்டிப் பார்த்தார். அப்போதுதான் பால் குடித்திருந்ததால் வயிறு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, பிள்ளையும் அந்த நேரம் பார்த்துத் தன் பங்குக்குக் கீழிருந்து ஒரு சத்தம் விட்டான்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

“எல்லாரும் வெளிய போங்க. உன்னையும் சேத்துதான்டா சொல்றேன்” என்று அவள் கணவனையும் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியே அத்தனை காதுகளும் கதவில் ஒட்டிக்கொண்டன. ஸ்டூல் இழுபடுவது கேட்டது. பூட்டு திறந்தது. சத்தியம் வாங்கும் முணுமுணுப்பு. பிறகு டப்பா மூடி திறக்கும் சத்தம்.

அதன்பின் அவள் சிரித்தாள். இந்தப் பத்தியம் தொடங்கிய நாளிலிருந்து கணவன் கேட்காத சிரிப்பு.

கதவைத் திறந்துகொண்டு வந்தவள், கையிலிருந்த பிள்ளையை அவனிடம் கொடுத்தாள். தட்டில் ஆவி பறந்த பன்களில் பெரியதாக ஒன்றை எடுத்து, பாதியை ஒரே கடியில் உள்ளே தள்ளினாள்.

“பால் இல்லியா?”

வாய் நிறைய பன்னோடு இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்ப என்னதான் கலக்குறாராம்?”

“சத்தியம் பண்ணியிருக்கேன். கேக்காதீங்க.”

உள்ளே முதலாளி ஸ்டூலில் ஏறி நின்று, அப்பா காலத்திலேயே காலியாகிவிட்ட அந்த டப்பாவைத் துடைத்து, பத்திரமாகப் பூட்டிக்கொண்டிருந்தார்.