பதினோராவது துணி

இன்று காலை அறுவை சிகிச்சையில் ரத்தம் ஒற்றுவதற்குப் பத்து காஸ் துணிகளை எடுத்து வைத்தேன். முடிந்ததும் எண்ணினால் பதினொன்று இருந்தன. மூன்று முறை எண்ணினேன். என் எண்ணிக்கையை நானே நம்புவதில்லை. தலைமை நர்ஸையும் எண்ணச் சொன்னேன். அவருக்கும் பதினொன்றுதான்.

“குறைஞ்சாத்தாம்மா உள்ள வெச்சுத் தைச்சுட்டோமோன்னு பயப்படணும். கூட வந்ததுக்கு எதுக்கு இந்த முழி முழிக்கிற? கையெழுத்தைப் போடு,” என்றார்.

பத்து துணிகள் ரத்தத்தில் நனைந்திருந்தன. பதினோராவது மட்டும் பழுப்பேறி, காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

போன வருடம் இதே மேஜையில்தான் அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அன்றும் நான்தான் எண்ணினேன். ஒன்பதா பத்தா என்று சந்தேகம் வந்தது. பத்து என்று எழுதிவிட்டேன். அன்றிலிருந்து அக்காவுக்கு வயிற்று வலி. ஏன் என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இன்று மாலை நர்சிங் வகுப்பு முடிந்ததும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு வீட்டுக்குப் போனேன். அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு சிரித்தபடி கதவைத் திறந்தாள்.

“ஏய், காலையில வலி சட்டுன்னு போயிடுச்சுடி! கண்ணு பட்டுடும், வெளிய சொல்லாத.”

“எதுக்குக்கா போர்வை?”

“அப்போலேருந்து ஒரே குளிரு. இங்க வேற என்னமோ குத்துது, பாரேன்.”

போர்வையை விலக்கினாள். பழைய தழும்பின் மேல் வரிசையாகப் புதுத் தையல் போட்டிருந்தது. நூல் நுனிகளில் ரத்தம் இன்னும் காயவில்லை.