நடுவீட்டுப் படலை

ஓடாவியார் கனகலிங்கம் தச்சு வேலையை முடித்து, உளியையும் சுத்தியலையும் சாக்கில் சுருட்டிக்கொண்டு போன பிறகுதான் தேவகுமாரி எழுந்து வந்து பார்த்தாள்.

வளவு வேலிக்கு வாசல் கதவாகப் படலை போடுவார்கள். அது உலக வழக்கம். வீட்டுக்குள்ளே, தங்களுக்கு ஒதுக்கித் தந்த அறைக்கும் ஹோலுக்கும் நடுவில், இடுப்பளவு உயரத்தில் ஒரு படலை!

"பாத்தனீங்களே?" என்றாள் கணவனிடம். "நேற்றுப் பிள்ளை சாமியறைக்குள்ளை தவழ்ந்து போய் விபூதியை அள்ளித் திண்டது. இண்டைக்கு மறிச்சுக் கட்டியாச்சு."

செல்வத்துரை சண்டைக்கு ஆள் இல்லை. "அடுப்படி, கிணத்தடி எண்டு பிள்ளை போகாமல் இருக்கப் போட்டிருப்பினம். நாயும் வீட்டுக்குள்ளை ஓடித் திரியுதுதானே."

"ஓம், ஓம். நாய்க்கும் எங்களுக்கும் சேத்து ஒண்டு."

காங்கேசன்துறையில் ஷெல் விழத் தொடங்கிய அன்று பிள்ளையும் ஒரு பையுமாக வெளிக்கிட்டவர்கள். இணுவிலில் ஞானாம்பிகை வீட்டில் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டார்கள். தண்ணீர் வந்தது, சோறு வந்தது, பொழுது படமுதல் வெங்காயப் பிடிகள் தொங்கிய இந்த அறையும் வந்தது. கதவில்லாத அறை. வாசலுக்கு ஒரு சீலைதான் மறைப்பு. இருந்தாலும் கூரை கூரைதான்.

"நாங்கள் வேதக்காரர் அக்கா" என்று, கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காமல் அன்றைக்கே சொல்லித்தான் உள்ளே வந்தாள் தேவகுமாரி. சைவ வீடு என்பதால், வந்த நாள் முதல் ஒரு கருவாட்டுத் துண்டுகூட அவள் சுட்டதில்லை. இருமுவதென்றாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான். இவ்வளவு அடங்கி ஒடுங்கி இருந்தும், ஒரு பிடி விபூதிக்கு இந்தத் தண்டனையா?

"வேலையைப் பாருங்கோ. ஒரு ஆணி அடிக்கேல்லை. சட்டத்துக்குள்ளை சட்டத்தை விட்டு, இழுத்து, வாசலுக்கு இறுக்கி வச்சிருக்கு. நாங்கள் போன கையோடை கழட்டி எறிஞ்சு போட்டு, வாசலைக் கழுவி விடலாம்."

"விடுமன். எங்கை போறது?"

"பள்ளிக்கூடத்திலை இடம்பெயர்ந்து வந்த எங்கடை சனம் இருக்குது. வாங்கிலுக்குக் கீழை படுத்தாலும் மானத்தோடை படுக்கலாம்."

"அங்கை குழந்தையளுக்கு வயித்தோட்டமாம். பிள்ளையை ஒருக்கா நினைச்சுப் பார்."

நினைத்துப் பார்த்தாள். மடியில் கிடந்த பிள்ளை சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ரோசம்தான் கூடியது. என் பிள்ளையைத் தொடக்கூடாத சாமானாக்கிவிட்டார்களே! பையை இழுத்து, பிள்ளையின் சட்டைகளை மடிக்கக்கூட இல்லாமல் திணித்தாள். வேதப் புத்தகத்தை மேலே வைத்தாள்.

"தேவகுமாரி!"

சீலையை விலக்கிக்கொண்டு ஞானாம்பிகை நின்றாள், கையில் பிள்ளைக்குக் காய்ச்சிய ஆட்டுப்பால். மற்ற நாளென்றால் கூப்பிட்ட குரல் அடங்குவதற்குள் அறைக்கு நடுவில் நின்று பிள்ளையைத் தூக்கியிருப்பாள். இன்றைக்குப் படலையோடு நின்றுவிட்டாள். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

உள்ளே வரவும் மனம் கூசுது போல. தேவகுமாரிக்கு நெஞ்சு எரிந்தது.

"பாலை அதிலை வச்சிட்டுப் போங்கோ அக்கா. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போறம்."

ஞானாம்பிகை பையைப் பார்த்தாள். "ஏன்? என்ன நடந்தது?"

"பிள்ளை விபூதியிலை கை வச்சது பிழைதான். அதுக்காக எங்களை இப்பிடி ஆடு மாடு மாதிரி அடைச்சு..." மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

"அடைச்சோ? ஆரை அடைச்சது? கொளுக்கி எந்தப் பக்கம் கிடக்கு, பாரும்."

பார்த்தாள். படலையை மாட்டும் கொளுக்கி அறைப் பக்கம், உள்ளே இருப்பவர் போட்டுக்கொள்ளும்படி இருந்தது.

"முந்தநாள் நீர் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டு இருக்கேக்கை, என்ரை மனிசன் கேளாமல் கொள்ளாமல் வெங்காயம் எடுக்க உள்ளுக்கு வந்தவர். நீர் சுவரோடை ஒட்டி ஒடுங்கினதைக் கண்டன். எனக்கு நித்திரை வரேல்லை. நான் மட்டும் என்ன திறமே? நேரகாலம் இல்லாமல் நுழையிறன். நாயும் எனக்குப் பின்னாலை வந்து பிள்ளையின்ரை முகத்தை நக்குது. அண்டைக்கே ஓடாவியாரிட்டைச் சொல்லிப் போட்டன். அவருக்கு இண்டைக்குத்தான் வரத் தோதுப்பட்டது."

"அப்ப விபூதி..."

"திண்டால் திண்டிட்டுப் போகட்டும். வயித்துக்குள்ளை ஒரு பூச்சி பொட்டும் அண்டாது." ஞானாம்பிகை சிரித்தாள். "ஆணி அடியாமல் செய்யச் சொன்னதும் நான்தான். அகலமோ ஒடுக்கமோ, எந்த வாசலுக்கும் இழுத்துப் பொருத்தலாமாம். நீங்கள் ஊருக்குத் திரும்பேக்கை கழட்டிக் கொண்டு போங்கோ. அடுத்த பிள்ளைக்கும் உதவும்."

செல்வத்துரை பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான்.

தேவகுமாரிக்குத் தன்னை நினைக்கவே வெட்கமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பிறகேன் அக்கா இன்னும் வெளியிலை நிக்கிறியள்?"

ஞானாம்பிகை அசையவில்லை. ஆறிக்கொண்டிருந்த பாலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வீட்டுக்காரி 'வாங்கோ' எண்டு சொல்லாமல் நான் எப்பிடி உள்ளுக்கு வாறது?"