நலங்குக்கு ஆகாதவள்

“மஞ்சளத் தொடாத! கைய எடு!”

கிருஷ்ணம்மா போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. மருமகள் சந்திரமதி மஞ்சள் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

பாசிர் கூடாங்கின் அந்த வரிசை வீடு முழுக்கப் பெண்கள். நடுவில் மணப்பெண் மலர், கிருஷ்ணம்மாவின் மகள். நலங்கு வைக்க மூவாரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா பிரேமலா, தட்டைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்.

“நான் மலருக்கு அண்ணி, அத்தை. நான் வைக்காம யாரு வைப்பா?”

“உள்ள இருக்கறத எடுத்துப் போட்டுட்டு வந்தவ வைக்கக் கூடாது. சீக்கு வந்து எடுத்தாலும் பரவால்ல. வரும் வரும்னு டாக்டர் சொன்னதுக்கே ரெண்டு சினைப்பையையும் அறுத்துக்கிட்டு வந்தியே!”

“எங்கக்கா வயிறு வீங்கி அந்தப் புத்துநோயிலதானே செத்தா. எனக்கும் அது ரத்தத்துல ஓடுதுன்னு தெரிஞ்சப்புறம் சும்மா இருக்க முடியுமா?”

“உனக்கு உசுரு மிச்சம். எம்மவன்தான் பாவம், கூடத்துல பாய் போட்டுப் படுக்கறான்.”

வாசலில் நின்ற சுகுமாறன் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ‘வலிக்குதுங்க. டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க, கொஞ்சம் பொறுங்க. ஒரு தடவ என்கூட வந்து பேசுங்களேன்’ என்று மனைவி அவன் தோளில் அழுததெல்லாம் அம்மா காதுக்கு அப்படியே போயிருந்தது.

“அண்ணன் சொல்லுச்சு,” மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், “வீட்டுல இப்ப ரெண்டு ஐஸ் பெட்டியாம்.”

“அலமாக்!” என்று யாரோ மலாயில் வியக்க, கூடமே சிரித்தது.

சந்திரமதிக்குக் கழுத்திலிருந்து காது வரை குப்பென்று சூடு ஏறியது. அறுவைக்குப் பிறகு அடிக்கடி வரும் சூடுதான். முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் போன வாரம் சொன்ன ஒரு விஷயத்தை மலரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் காலையிலிருந்து சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் எதற்குத் தனியாக?

கிருஷ்ணம்மா சுவரில் மாலை போட்டிருந்த தன் தாயின் படத்துக்குச் சூடம் காட்டினாள்.

“எங்கம்மாவுக்குத்தான் பேத்தி கல்யாணத்தப் பாக்கக் குடுத்து வைக்கல. தோட்டத்துல வயிறு வீங்கி வீங்கியே போய்ச் சேந்தாங்க. தம்பியும் லாரி மோதிப் போயிட்டான். அவன் பொண்ணாச்சேன்னுதான் இந்த மகாராணிய எம்மவனுக்குக் கட்டி வச்சேன். இப்ப அனுபவிக்கிறேன்.”

“எனக்கு இது எங்கேருந்து வந்துச்சு, அத்தை?”

“உங்கம்மா வழிதான், வேற எங்க? பொம்பளச் சீக்கு பொம்பள வழியாதான் வரும். அதான் கோத்தா திங்கியிலேருந்து அவ இங்க வரவே கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

“அந்த ரத்தத்துல பொறந்த மத்த பொம்பளைங்களையும் டாக்டர் வரச் சொல்றாங்க.”

“போய் அறுத்துக்கட்டும்! அந்த ரத்தத்துல பொறந்த எவளையும் எவனும் கட்டக் கூடாது!”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. சம்பந்தியம்மாவுக்குக் கேக்கல.”

கிருஷ்ணம்மா பிரேமலா பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாகச் சொன்னாள். பிரேமலா தலையை ஆட்டினார். “நியாயம்தான் லா. தெரிஞ்சே யாரு கட்டுவா?”

சந்திரமதி குனிந்தாள். கிண்ணத்து மஞ்சளை ஒரு விரலால் எடுத்து மலரின் கன்னத்தில் தடவினாள்.

“எங்கம்மாவையும் சோதிச்சாச்சு, அத்தை. அவங்ககிட்ட அது இல்லவே இல்ல.”

“பின்ன உனக்கு எப்படி வந்துச்சாம்?”

“அப்பா வழியாவும் வருமாம்.”

வாசலில் சுகுமாறன் தலையைத் தூக்கினான். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சந்திரமதி சுவரில் இருந்த படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“உங்கம்மா வயிறு எதுக்கு வீங்குச்சு, அத்தை?”